கழற்றிய போர்வை

கீழ்பென்னாத்தூர் பஸ் கிளம்பவில்லை. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். முன் சீட்டில் ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மாள் பக்கத்திலிருந்த இளம்பெண்ணிடம், "செவுரு முழுக்க போர்வை மாட்டியிருக்கேன்" என்றார்.

"செவுத்துலயா? எதுக்குக்கா?"

"நான் வேலை பாக்குற கெஸ்ட் ஹவுஸ்ல ஒரு வெள்ளைக்காரம்மா அப்படித்தான் மாட்டியிருந்தாங்க. துண்டுத் துணிய ஒட்டுப் போட்டு தைச்ச கனமான போர்வை. ஊருக்குப் போறப்ப நாலையும் எனக்கே குடுத்துட்டாங்க."

"வீடு அழகா இருக்குமே."

"அழகாத்தான் இருக்கு. ஆனா பக்கத்து வீட்டு சத்தம் ஒண்ணும் கேக்கல. ரெண்டு வீட்டுக்கும் ஒரே செவுரு."

"நல்லதுதானே. அந்தப் புள்ளைங்க ரகளை ஜாஸ்தின்னு நீங்கதானே சொல்வீங்க."

"சொன்னேன்தான்." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "சமையக்கட்டுப் பக்கம் இருந்ததை மட்டும் நேத்து கழட்டிட்டேன்."

"ஏன்கா?"

"ராத்திரி எட்டு மணிக்கு பக்கத்து வீட்டுப் பொண்ணு புள்ளைங்கள சாப்புட வாங்கன்னு கூப்புடும். அதைக் கேட்டுட்டுதான் நானும் தட்டை எடுத்துவெச்சு உக்காருவேன்."