கூஜாவில் மீந்த தண்ணீர்

எங்கள் வீட்டில் தண்ணீர்க் கூஜாவை நிரப்பி வைப்பது எப்போதும் என் வேலைதான், டாக்டரம்மா. ராயபுரத்தில் குழாய்த் தண்ணீர் எப்போது வரும், எப்போது நாறும் என்று எனக்குத்தான் தெரியும். காய்ச்சி, ஆற வைத்து, ஜெனியின் தலைமாட்டில் வைத்துவிடுவேன். சுற்றி வளைக்கிறேன் என்று நினைக்காதீர்கள். நீங்கள் கேட்டதற்குப் பதில் அந்தக் கூஜாவிலிருந்துதான் தொடங்குகிறது.

ஜெனி என் தங்கை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவளுக்கு ஆகி, சீக்கிரமே முடிந்தும் போனது. அவள் புருஷன் நெல்சன் எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரியில் அடிபட்டுச் செத்தான். அடக்கம் முடிந்த கையோடு அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அம்மா அப்பா போன பிறகு அந்த வீட்டில் நானும் தையல் மிஷினும்தான். மிஷின் பேசாது. ஜெனியும் அப்போது பேசவில்லை. ஆனாலும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்க ஓர் ஆள் இருப்பது வேறு.

சோறு ஊட்டினேன், தலை வாரிவிட்டேன். இங்கே கூட்டி வந்து உங்கள் முன்னால் உட்கார வைத்ததும் நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மனச்சோர்வுக்கு நீங்கள் கொடுத்த மாத்திரைக்கு ட்ரைசைக்ளிக் என்று பேர் சொன்னீர்கள். பழைய மருந்து, நன்றாகக் கேட்கும், ஆனால் அதோடு விளையாடக் கூடாது என்றீர்கள். வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும், வாய் வறளும், படுக்கையிலிருந்து மெதுவாக எழ வேண்டும், தேறிவிட்டோம் என்று சட்டென நிறுத்தக் கூடாது. அளவு மீறினால் இருதயத்துக்கே ஆபத்து, அதனால் மாத்திரைப் பட்டை அவள் கையில் இருக்கவே கூடாது. "நீங்களே பத்திரமா வச்சு, நைட்டு நைட்டு எடுத்துக் குடுங்க" என்றீர்கள். நீங்கள் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட நான் மறக்கவில்லை.

மாத்திரை கேட்டது. முதலில் கூஜா காலியாயிற்று. வாய் வறண்டு ராத்திரியில் எழுந்து எழுந்து குடித்திருக்கிறாள். பிறகு தானாகச் சாப்பிட்டாள். ஒரு நாள் நெத்திலிக் குழம்பில் உப்பு கம்மி என்றாள். நான் அடுப்படியில் நின்று அழுதேன். சத்தியமாகச் சந்தோஷத்தில்தான் அழுதேன்.

அப்புறம் அவளுக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்துப் பக்கம் ஒரு கேன்டீனில் வேலை கிடைத்தது. கம்பெனி வேனுக்குக் கிளம்பும்போது பவுடர் போட்டுக்கொண்டாள். அங்கே வேலை பார்க்கும் மகிழினி என்ற பெண் சிநேகிதமானாள். ஒரு சாயங்காலம் ஜெனி வந்து என் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, நானும் மகிழினியும் வள்ளூராண்ட ரூம் எடுக்கலாம்னு கீறோம். ஞாயித்துக்கெழம பூசைக்கு வந்துடறேன்."

"மாத்திர யாரு குடுப்பா?"

"டாக்டராண்ட கேட்டுக்கலாம்க்கா. இப்பதான் நல்லா கீறேனே."

நன்றாகத்தான் இருந்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை என்று நீங்கள் நினைப்பீர்கள். அப்படி இல்லை. வெளியிடத்தில் மறுபடி விழுந்தால் யார் தூக்குவது என்றுதான் யோசித்தேன். நான் அவசரக்காரி இல்லை. துணியை வெட்டும் முன் இரண்டு தடவை அளக்கிறவள். நிதானமாக யோசித்து, மறுநாளிலிருந்து அந்த மாத்திரைக்குப் பதில் கால்சியம் மாத்திரையைக் கொடுத்தேன்.

"இன்னாக்கா, மாத்திர வேற மாறி கீது?"

"கம்பெனி மாத்திட்டான். முழுங்கு."

"நீ குடுத்தா சரியாத்தான் இருக்கும்" என்று முழுங்கினாள்.

சட்டென நிறுத்தினால் என்ன ஆகும் என்று சொன்னீர்களோ அதுதான் ஆனது. வாந்தி, தலைவலி, தூக்கமே இல்லை. நெற்றியைப் பிடித்துவிட்டபடி பக்கத்திலேயே இருந்தேன். வேலை போயிற்று. மகிழினி போன் செய்து செய்து ஓய்ந்தாள். கொஞ்ச நாளில் ஜெனி மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். ஊட்டிய சோற்றை வாயில் வைத்துக்கொண்டே, "நீ இல்லாங்காட்டி நான் இன்னா ஆயிருப்பேன்க்கா" என்று அழுதாள். என் வாழ்நாளில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. அவள் முகத்தைப் பார்த்து என் நெஞ்சு உடைந்துபோனது, டாக்டரம்மா. அன்றைக்கும் கால்சியத்தைத்தான் கொடுத்தேன்.

போன தடவை நீங்கள் அவளிடம், வாய் வறட்சி எப்படி இருக்கிறது என்று கேட்டீர்கள். இப்போது இல்லை என்றாள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "பழகிடுச்சு" என்றேன். அதை என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் கூஜாவையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். விடிந்தால் தண்ணீர் அப்படியே மீந்திருக்கும்.

நேற்று நான் தைத்த யூனிஃபார்ம்களைக் கொடுக்க வண்ணாரப்பேட்டைக் கடைக்குப் போயிருந்தேன். அந்த நேரம் பார்த்து எழுந்து வீட்டைக் கிளறியிருக்கிறாள். நான் கொடுக்காமல் வைத்த மாத்திரை அத்தனையும் பொத்தான் டப்பாவின் அடியில் இருந்தது. நீங்கள் கொடுத்ததை எப்படித் தூக்கிப் போடுவது. செத்தால் தேவலை என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தவள் மடியில் அந்த டப்பா. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாளோ தெரியாது. பிறகு மகிழினிக்கு போன் செய்திருக்கிறாள். இருவருமாக ஷேர் ஆட்டோவில் டப்பாவை உங்களிடமே கொண்டு வந்துவிட்டார்கள்.

ஆமாம், நான்தான் நிறுத்தினேன். தெரிந்தேதான் நிறுத்தினேன். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இன்று நீங்கள் கூப்பிட்டனுப்பி உள்ளே வரும்போது பார்த்தேன். வெளியே பெஞ்சில் மகிழினியின் தோளில் சாய்ந்திருக்கிறாள். வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டு வந்திருந்தேன். என் முகத்தைப் பார்க்காமலே வேண்டாம் என்று தலையசைத்தாள். மகிழினி கையிலிருந்த பாட்டிலை வாங்கிக் குடித்தாள்.

இன்றைக்கு மறுபடி மருந்து ஆரம்பிப்பீர்கள். ராத்திரியில் வாய் வறளும். அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும், தண்ணீரைக் காய்ச்சுவாளோ மாட்டாளோ. பட்டையை என்னிடமே கொடுங்கள், டாக்டரம்மா. பத்திரமாக வைத்துக்கொள்கிறேன். பாவம், அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.