கண்மாய்க்கரையில் நிற்கும் கார்

மத்தியானம் பன்னிரண்டு மணி. மம்சாபுரத்திலிருந்து ராஜபாளையம் போகிற கண்மாய்க்கரை ரோடு... ஆள் கிடையாது, ஆடு கிடையாது. கானல் மட்டும் நெளிகிறது. ஆமாம், பகல்தான். ராத்திரியில் மட்டும்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது?

கரண்ட் போய் இப்படி மொட்டை மாடியில் கிடக்கிறோமே, பொழுது போகட்டும் என்று இதைச் சொல்லவில்லை. நம்ம நாகஜோதி வீட்டுக்காரர் பழைய கார் ஒன்று பார்த்து வைத்திருக்கிறாராம். “பழைய வண்டிய நம்பலாமாக்கா?” என்று சாயங்காலமே கேட்டாள். அதற்காகத்தான் சொல்கிறேன். பக்கத்தில் வாருங்கள். அந்த டார்ச்சை அணை, ஜோதி.

சோலைராஜ் அண்ணன் என் சின்னம்மா மகன். பட்டாளத்தில் வண்டி ஓட்டி ரிட்டயர் ஆனவர். அவர் பெண்டாட்டி வெள்ளத்தாய் மதினிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு தடவை ராஜபாளையம் போய் டயாலிசிஸ் பண்ண வேண்டும். ஒரு தடவை தவறினாலும் மூச்சு முட்டிவிடும். பஸ்ஸில் நின்று போய் வந்தே மதினி பாதியாகிப் போனாள். அவளுக்காகத்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் புரோக்கரிடம் அந்த வெள்ளைக் காரை வாங்கினார். அம்மாடி, என்ன வண்டி அது! சாவியைத் திருகினால் போதும், கிளம்பிவிடும். பிளவக்கல் வரை போய் வந்தும் இன்ஜின் சூடாகவில்லை. பார்த்தவனெல்லாம் வயிறெரிந்தான்.

அந்தக் கண்மாய்க்கரையில் மட்டும் நின்றுவிடும்.

அதுவும் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மட்டும்... திரும்பி வரும்போது நிற்காது. மெக்கானிக் கருத்தப்பாண்டி பேட்டரியை மாற்றினான், பெட்ரோல் பம்பை மாற்றினான், வயரையெல்லாம் உருவிப் பார்த்தான். “அண்ணே, வண்டியில ஒரு கோளாறும் இல்ல. முன்னாடி வச்சிருந்தது யாருன்னு விசாரிங்க” என்றான்.

புரோக்கரைச் சட்டையைப் பிடித்துக் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தான். முன்பு வைத்திருந்தவரின் அம்மாவை அவசரமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அதே கரையில், பின் சீட்டில், உயிர் போய்விட்டது. வண்டியை அய்யனார் கோவிலுக்குக் கொண்டுபோய்க் கழுவிக் கழிப்புக் கழிக்க வேண்டாமா? அப்படியே தள்ளிவிட்டுவிட்டார்கள், பாவிகள்.

அண்ணன் எலுமிச்சம்பழமும் பூசணிக்காயும் வாங்கிவிட்டார். மதினிதான் விடவில்லை.

“அவியளும் ஆஸ்பத்திரிக்குத்தான கெளம்புனாவ? பாவம், போய்ச் சேரல. கதவத் தொறந்து ஏத்திக்கிடுங்க. எனக்கும் ஒரு தொணையாச்சு.”

எவளாவது இப்படிச் சொல்வாளா? என் மதினி சொன்னாள். அவள் மனசு அப்படி.

அதன் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. கரையில் வண்டி நிற்கும். அண்ணன் இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்து, “ஏறுங்க தாயி” என்பார். கிறீச்... சீட் அமுங்கும். வெற்றிலை வாசமும் டெட்டால் வாசமும் ஒன்றாக வரும். மதினி காலை மடக்கி இடம் விடுவாள். கதவைச் சாத்திச் சாவியைத் திருகினால் வண்டி கிளம்பிவிடும். ஆஸ்பத்திரியில் மதினி மட்டும் இறங்குவாள். அந்த வாசம் வண்டியிலேயே இருக்கும்.

போன ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை. மதினிக்கு முகமெல்லாம் வீங்கிப்போய், கர்... கர்... என்று மூச்சு இழுக்கிறது. அண்ணன் மிதித்து ஓட்டுகிறார். கரை வந்தது. வண்டி நின்றது.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். “ஏறுங்க தாயி, சீக்கிரம்.” முன்னால் வந்து சாவியைத் திருகினார். கிளம்பவில்லை. மறுபடி திருகினார். ம்ஹூம். பின்னால் மூச்சு இழுக்கிற சத்தம்... போனை எடுத்தால் டவரும் இல்லை. நடுரோட்டில் வெயில்தான் காய்கிறது.

பட்டாளத்தில் எதற்கும் அழாத மனுஷன். ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக் கும்பிட்டு அழுதிருக்கிறார். “தாயி, எம்புட்டு நாளா ஒங்கள கூட்டிட்டு வாரேன். இன்னைக்கு எம் பொண்டாட்டியக் கொண்டு சேக்க விடுங்க. எறங்கிக்கிடுங்க தாயி.”

வண்டி லேசாகத் தூக்கியது. யாரோ இறங்கினால் தூக்குமே, அப்படி. பின்கதவு தானாகச் சாத்திக்கொண்டது... டப். வெற்றிலை வாசம் இல்லை. சாவியைத் திருகினார், கிளம்பிவிட்டது.

கழித்து இறக்கிவிட்டால் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கூடவே வந்துவிடும். நமக்குத் தெரியாததா? அண்ணனும் கண்ணாடியை மேலே திருப்பிவிட்டார். “செத்த நேரந்தான் வெள்ளத்தா... வந்தாச்சு... வந்தாச்சு” என்று சொல்லிக்கொண்டே, தலையைத் திருப்பாமல் ராஜபாளையம் வரை ஓட்டியிருக்கிறார். மதினி பதில் சொல்லவில்லை. அசதியில் தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ்தான் பின்கதவைத் திறந்தாள். மதினி சாய்ந்தபடி இருந்தாள். அந்த வெயிலிலும் உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது.

அதற்குப் பிறகு அந்தக் கார் எங்கேயும் நிற்பதில்லை. வித்துத் தொலை என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். அவர் கேட்பதாக இல்லை. பதினாறாம் நாள் விசேஷமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் நானும் அதில் போனேன். கரை வந்ததும் அவராகவே இன்ஜினை அணைத்தார். இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்தார்.

“ஏறு வெள்ளத்தா.”

சீட் அமுங்கவில்லை. ஒரு சத்தமும் இல்லை. வெயிலில் ரொம்ப நேரம் நின்றார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து சாவியைத் திருகினார். உடனே கிளம்பியது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “என்னண்ணே கூத்து இது? மதினியக் கொண்டுபோயி எரிச்சாச்சு. இங்க வந்து யாரக் கூப்பிடுதிய?” என்று சத்தம் போட்டேன்.

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

“அன்னைக்கு வண்டி ரெண்டு தடவ தூக்குச்சு, மாரிக்கனி. நான் சந்தோசத்துல பாக்காம கெளம்பி வந்துட்டேன்.”