மஞ்சள் தண்ணிக்குப் போகாதது

திருகோணமலை பஸ் ஸ்டாண்டில் இறக்கக்கண்டி பஸ்ஸுக்கு நின்றேன். வரிசையை விட்டுத் தள்ளி, மதிலோரம் தனியாக நின்ற ஒரு அம்மா, வெள்ளைப் பள்ளிச் சீருடை போட்ட தன் மகளிடம் சொன்னா:

“கிட்ட வராதை. என்ர உடம்பு கதிர் வீசுது.”

அதைக் கேட்ட பிறகு நான் பஸ் வருகிறதா என்று பார்க்கவே இல்லை.

“தெரியும் அம்மா. கழுத்துக் கட்டிக்குத் தந்த கதிர் மருந்துக் குளிசை அப்பிடித்தான். கொழும்பு ஆஸ்பத்திரியில சொல்லித்தானே விட்டவை.”

“நாளைக்கு உன்ர அக்கான்ர பிள்ளை பிறந்து முப்பத்தொண்டு. ஐயர் வந்து துடக்குத் தீட்டுக் கழிப்பார். அந்த மஞ்சள் தண்ணியை எனக்கும் தெளிச்சா, பிள்ளையைத் தூக்கலாம்தானே?”

“ஏலாது அம்மா. இது துடக்கில்லை. தண்ணிக்குக் கேளாது, நெருப்புக்கும் கேளாது. அந்த மருந்தின்ர ஒவ்வொரு அணுவும் தன்ர பாட்டில உடைஞ்சு, கதிர் விட்டுத்தான் அடங்கும். எட்டு நாளில பாதி அடங்கும். அடுத்த எட்டு நாளில மிச்சத்தில பாதி. பள்ளிக்கூடத்தில படிச்சனாங்கள்.”

“அப்ப முழுக்க எப்ப போகும்?”

“முழுக்கப் போற நாள் எண்டு ஒண்டைச் சொல்ல ஏலாது. குறைஞ்சு குறைஞ்சு வரும். பிள்ளைக்கு ஆபத்தில்லை எண்ட அளவுக்கு வந்தோடன டொக்டர் சொல்லுவார். அப்ப தூக்குங்கோ.”

பஸ் வந்தது. மகள் முன்கதவால் ஏறப் போனாள். பின்கதவுக்குத் திரும்பிய அம்மா, கால் வைக்காமல் நின்றா.

“உன்ர அண்ணா செத்ததுக்கும் முப்பத்தொண்டில ஐயர் வந்து தண்ணி தெளிச்சவர். துடக்குக் கழிஞ்சுது எண்டவர். எனக்கு இன்னும் பாதிகூடப் போகேல்லை.”