ஊசிக்கு ஒரு கட்டம், பொடிக்கு ஒரு கட்டம்

என் கையெழுத்து அழகாக இருக்கும். மாலை வகுப்பு வாத்தியார் என் நாட்குறிப்பை மற்றவர்களுக்குக் காட்டுவார். பகலில் போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கிறேன். ஒரு குவியலை இரண்டாகப் பிரித்தால் இரண்டுக்கும் விலை உண்டு, எதுவும் வீணாகாது. பின்னால் நான் செய்ததற்கு அந்தப் பழக்கம்தான் காரணமோ என்று தோன்றுகிறது. உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

1955 தையில் என் மனைவி வேலுத்தாய் இருமும்போது ரத்தம் வந்தது. டாக்டரம்மா ஞானபாக்கியம் காசநோய் என்றார். ஊசியும் பொடியும், ஒன்றரை வருஷம்.

"பொடி கொமட்டுதும்மா. ஊசி மட்டும் போட்டுக்கிட்டா ஆகாதா?" என்று கேட்டாள்.

"ஆகாது ஆத்தா. ஒன்ன மட்டும் குடுத்தா கிருமிக்கு அது பழகிப்போகும். பெறகு எம்புட்டுக் குத்துனாலும் தண்ணியக் குத்துன மாதிரிதான். ரெண்டும் சேந்தே போகணும். மாமியா வச்ச கொழம்புன்னு நெனச்சு முழுங்கிரு."

"மாமியா இல்லாத வீடுன்னுதான் வாக்கப்பட்டேன். பொடியா வந்து நிக்கிறாக."

மூவரும் சிரித்தோம். நான் ஒரு நோட்டு வாங்கி, நாள்தோறும் ஊசிக்கு ஒரு கட்டம், பொடிக்கு ஒரு கட்டம் போட்டேன்.

மூன்றாம் மாதம் என் தம்பி பால்சாமி குரங்கணியிலிருந்து இறங்கி வந்தான். அவன் துண்டிலும் ரத்தம்.

"டாக்டர்ட்டப் போனா எஸ்டேட்ல வெரட்டிருவாங்கண்ணே. சிலமலைல பரிசம் வேற போட்டாச்சு. மதினி மருந்துல எனக்குங் கொஞ்சம் குடேன்."

ஊசியை யாருக்கும் தெரியாமல் மலைக்கு அனுப்ப முடியாது. பொடியை அனுப்பலாம். அவளுக்கு ஊசி, அவனுக்குப் பொடி. டாக்டரம்மா சொன்னதை நான் மறக்கவில்லை. நாட்குறிப்பில் எழுதியே வைத்திருந்தேன்.

வேலுத்தாயிடம், பொடியை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள் என்றேன். "அந்தப் புண்ணியவதி நல்லாருக்கணும்" என்று கும்பிட்டாள். அன்று வயிறாரச் சாப்பிட்டாள். ஊசியைக் கம்பவுண்டர் போடுவார். டாக்டரம்மா மாதம் ஒருமுறை என்னிடம் நோட்டை வாங்கிப் பார்ப்பார். பொடிக் கட்டத்தில் ஒரு நாள்கூட விடாமல் குறி போட்டேன்.

சில மாதங்கள் இருவரும் தேறினார்கள். பிறகு அவளுக்கு மறுபடி ரத்தம் வந்தது. ஊசி கேட்கவில்லை. அடுத்த வருஷம் மாசியில் இறந்துபோனாள்.

டாக்டரம்மா நோட்டை மூடி என் கையில் கொடுத்தார். "ஒரு வேளை தப்பல. ஒங்க மேல குத்தமில்ல தம்பி. மருந்து ஏன் தோத்துச்சுன்னு எனக்குத்தான் வெளங்கல" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

சித்திரையில் பால்சாமியை எஸ்டேட் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். இனி மறைக்க வழியில்லை. டாக்டரம்மா என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"இவரு முந்தி இந்தப் பொடி குடிச்சிருக்காரா? குடிச்சிருந்தா சொல்லுங்க, இது இனிக் கேக்காது. வேற மருந்து ஒன்னு இருக்கு, மதுரைல சொல்லி வரவழைக்கிறேன்."

தம்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லம்மா" என்றேன்.

ஆடியில் அவனும் போய்விட்டான்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நாட்குறிப்பில் பல நாள் எழுதிப் பார்த்தேன். பயத்தால் அல்ல. அந்த வேறு மருந்தில் அவன் பிழைத்திருக்கலாம் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் ஆமாம் என்று சொல்லியிருந்தால் வேலுத்தாயின் நோட்டு பொய் என்று ஆகியிருக்கும். அதில் ஒரு பிழையும் இருக்கக் கூடாது என்று நினைத்தேன். அவளுக்காக நான் ஒழுங்காகச் செய்தது அது ஒன்றுதான்.