கோல்ஃப் மைதானத்துக்குக் குத்தகை

"பூப் பாக்காம எப்பிடிங்க குத்தகை பேச முடியும்?"

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பேருந்தில் முன் இருக்கை அம்மா இப்படிக் கேட்டதும், ஏதோ மாந்தோப்புப் பேச்சு என்றுதான் நினைத்தேன்.

"ஏட்டி, இது கோல்ஃப் மைதானம். அந்தப் புதுக் காலனிக்காரங்க, வருசக் குத்தகைக்கு எடுத்து நடத்துறியளான்னு கேக்காங்க. பட்டாளத்து கோல்ஃப் மைதானத்துல நான் பாத்த வேலதான்," என்றார் அவள் கணவர்.

"வருமானம் எம்புட்டு வரும்?"

"நூறு வீடு இருக்கு. வீட்டுக்கு ஒரு ஆளு விளையாட வந்தாக்கூட..."

"மரத்த எண்ணியா தோப்புக்கு வெல சொல்லுதோம்? பூவத்தான பாக்கோம்."

"இங்க பூவுக்கு எங்கட்டி போக?"

"நாளைக்கு விடிய காலனி வாசல்ல போயி நிப்போம். எத்தன பேரு நடக்க வாராங்கன்னு எண்ணுவோம். காலையில எந்திரிச்சு நடக்காதவுகளா வெயில்ல பந்தடிக்கப் போறாங்க?"

அவர் சிரித்துவிட்டார். பிறகு குரல் இறங்கியது.

"போன வருசமும் பூவப் பாத்துத்தான் தோப்ப எடுத்தோம். மழ பேஞ்சு அம்புட்டும் கொட்டிப் போச்சே."

அவள் ஜன்னலுக்கு வெளியே, மலைமேல் கறுத்து நின்ற மேகத்தைப் பார்த்தாள்.

"இது புல்லுங்க. மழ பேஞ்சா வளரும்."