ஒற்றைக் கை வாள்வீரன்

செல்லூரில் பஸ் ஏறிய இரண்டு கல்லூரிப் பெண்கள் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

“கை வெட்டுப்பட்ட மறுநாளே எவனாச்சும் சண்டைக்குப் போவானாடி?” என்றாள் ஜன்னலோரத்தில் இருந்தவள். பக்கத்தில் நின்ற பூக்காரம்மா பதறிப்போய்த் திரும்பினார்.

“ஒண்ணுமில்லம்மா, அனிமே. ஜப்பான் கார்ட்டூன்,” என்றாள் மற்றவள். கபடி டீம் பனியன் போட்டிருந்தாள். முழங்காலில் பெல்ட் மாட்டியிருந்தாள்.

பிறகு தோழியிடம், “அந்த எபிசோடுதான்டி கெத்து. ஒத்தக் கையோட வாளைப் பிடிச்சு நிக்கிறான்ல, எனக்கு அழுகையே வந்துருச்சு,” என்றாள்.

“எனக்குக் கடுப்புதான் வந்துச்சு. ஒரு சீசன் ரெஸ்ட் எடுத்தா உலகமா அழிஞ்சிரும்?”

“அழிஞ்சிரும். அதான கதையே.”

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் ஜன்னலோரத்தவள் குரலைத் தாழ்த்தினாள்.

“அவனுக்கு அடுத்த வாரமே புதுக் கை வரைஞ்சு குடுத்துருவாங்க. உனக்கு முட்டி யாருடி வரைவா? டாக்டர் ரெண்டு மாசம் ஆடக் கூடாதுன்னாரு. நீ நாளைக்கே மேட்ச்சுக்குப் போறேங்கிற.”

கபடிக்காரி முழங்காலைத் தடவிக்கொண்டே வந்தாள். தெப்பக்குளம் நெருங்கும்போது போனை எடுத்துக் கோச்சைக் கூப்பிட்டாள்.

“சார், நாளைக்கு நான் ஆடல சார். முட்டி இன்னும் சரியாகல. இல்ல சார், வாரேன். கை தட்டவாச்சும் வாரேன்.”

போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். தோழி அவளுடைய பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“என்ன சொன்னாலும் அது நல்ல எபிசோடுதான்டி,” என்றாள் கபடிக்காரி.

“நான் எங்க இல்லன்னேன்? ரெண்டு தடவ பாத்தேன்.”