வஜ்ரமணியின் முதுகு

— தட்டினா இன்னா போச்சு பாப்பா? போலீசுன்னா மொதல்ல கதவத் தட்டணும். தெறந்தா உள்ள போவணும். அந்த சீரியல்ல அவ ஒரு நாளாவது தட்டியிருக்காளா, சொல்லு.

— வஜ்ரமணியைச் சொல்றீங்களா அக்கா?

— வேற யாரு? சி.ஐ. வஜ்ரமணிதான். சாயந்தரம் ஏழு மணி ஆனா திருப்பதி பூரா டிவி முன்னால குந்திக்கினு கீது. ஆட்டோவுக்கு ஆளே கெடைக்கறதில்ல. நீயும் பாப்பியா?

— பாப்பேனுங்க. எப்பவாவது.

— துணிய மூஞ்சி மேல அப்படிச் சுத்திக்கினு கீறியே, மூச்சு முட்டல?

— தூசி ஒத்துக்காதுங்க. நான் கோயம்புத்தூர்ப் பக்கம், இங்க வேலைக்கு வந்தவ. சந்திரகிரிக் கோட்டைக்கிட்ட இறக்கி விட்டுடுங்க அக்கா. அங்க அந்த ஷூட்டிங் நடக்குதாமே.

— எங்க நடக்குது? இருவது நாளா நின்னு போச்சு. பழைய ஒதையவே திருப்பித் திருப்பிப் போட்டுக்கினு கீறான். ஒரே கதவ இந்த வாரம் நாலு தபா ஒதச்சுட்டா.

— எதுனால நின்னுச்சுங்க?

— முதுகு ஓடிப்போச்சு, அத்தொட்டு.

— எது ஓடிப்போச்சுங்க?

— முதுகு. கேளு, சொல்றேன். கோட்டை வர்றதுக்குள்ள முடிஞ்சிடும். வஜ்ரமணின்னு ஒரு பொம்பளயே இல்ல. அது மூணு பொம்பள. மூஞ்சி ஒருத்தி. அது உன்னாட்டம் தமிழ்நாட்டுப் பொண்ணுதான். தெலுங்குல ஒரு வார்த்தை வராது. கேமரா முன்னால நின்னுக்கினு, வசனத்துக்கு பதிலா ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுமாம்.

— எண்ணினா என்னங்க தப்பு? உதடு அசைஞ்சா போதும்னு அவங்கதான் சொல்லியிருப்பாங்க.

— தப்புன்னு நான் சொல்லல. குரலு இன்னொருத்தி. ஐதராபாத்துல ஏசி ரூம்ல குந்திக்கினு, "ஏய், கதவைத் தெற"ன்னு கத்திட்டு வூட்டுக்குப் போயிடுவா. மூணாவது முதுகு. ஓடறது, கோட்டைச் செவுரு ஏறறது, ஒதைக்கறது எல்லாத்தையும் பின்னால இருந்துதான் காட்டுவான். அது எங்க ஊரு பொம்பள, செங்கமலம். முனுசாமி பொண்ணு. பங்காருபாளையம் தாண்டி, பார்டர் ஓரம் எங்க ஊரு.

— தைரியமான ஒரு பொம்பளையைச் செய்ய மூணு பேருங்களா?

— நாலாவதா ஒரு காத்தாடி கீது. முடி பறக்கறதுக்கு. அது நின்னு போச்சுன்னா தைரியமும் நின்னு போவும்.

— அவங்க எப்படிங்க அதுல போய்ச் சேந்தாங்க?

— மாங்கா மண்டியில கூடை தூக்கிக்கினு இருந்தா. இந்த யூனிட்டு அங்க குடோன வாடகைக்குப் புடிச்சு ஷூட்டிங் பண்ணிக்கினு இருந்தது. மூஞ்சிக்காரப் பொண்ணு கதவ ஒதைக்கணும். காலையில இருந்து ஒதைக்குது, கதவு அசையல, காலுதான் வீங்கிப் போயி ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு பூட்டாங்கோ. இவளுக்கு இது எதுவும் தெரியாது. தலையில ஒரு கூடை, இடுப்புல ஒரு கூடை. ரெண்டு கையும் ரொம்பிப் போச்சு. தெனம் ஒதச்சுத் தெறக்கற அதே குடோன் கதவு, மழைக்கு ஊறி மாட்டிக்கும். ஒரு ஒதை வுட்டுட்டு உள்ள போயிட்டா. அவ்வளவுதான், டைரக்டரு ஓடியாந்து இவ முன்னால நின்னான். நின்னு, "திரும்பும்மா"ன்னான்.

— முன்னாடி வந்து நின்னு, திரும்பச் சொன்னாரா?

— அதானே. ஒதைக்கும்போது மனசுல இன்னா நெனச்சேன்னு கேட்டானாம். எந்த அநியாயத்த நெனச்சு அந்தக் கோவம்னு. இவ சொல்லியிருக்கா, கோவம் ஒண்ணும் இல்ல சார், கையி காலி இல்லன்னு. அவன் அத்தக் காதுலயே வாங்கல. பக்கத்துல இருந்தவன்கிட்ட, நூறு தலைமுறைக் கோவம் அந்த முதுகுல கீதுன்னு எழுதிக்கச் சொல்லிட்டான்.

— ஆமாங்க, அவர் அப்படித்தான்... இருப்பாரு போல.

— அப்பறம் மூணு வருசம். திருச்சானூரு லாட்ஜுங்க, பழைய ரைஸ்மில்லு, எல்லாக் கதவையும் ஒதச்சா. ஒரு தபா ஒரு லாட்ஜ் ரூம். கதவு சாத்திக்கூட இல்ல, சொம்மா ஒட்டிக்கினு இருந்தது. இவ கையால தள்ளிட்டு உள்ள போயிட்டா. கட், கட்டுன்னு கத்தறான். தைரியமான பொம்பள கதவத் தள்ளமாட்டாளாம். தாப்பாள வெளியில இருந்து மாட்டச் சொல்லி, மறுபடி ஒதைக்க வெச்சான். குத்தவாளி உள்ள எப்படிப் போனான்னு இவ கேட்டா.

— சாப்பாட்டுக் கதை ஒண்ணு இருக்குமே.

— உனக்கு எப்படித் தெரியும்?

— இல்லீங்க, ஷூட்டிங்னா சாப்பாட்டுல ஏதாவது நடக்கும்னு சொல்றேன்.

— நடந்தது. எழுநூறு எபிசோடு ஆச்சு, வஜ்ரமணி ஒரு வாய் துன்னு நீ பாத்திருக்கியா? தூங்கிப் பாத்திருக்கியா? கொட்டாவி? இவ காலையில பஸ்ஸ புடிச்சு ஓடியாந்தவ, பசி. கேமரா பின்னாலதானேன்னு ஒரு இட்லிய வாயில போட்டுக்கினு நின்னா. டைரக்டரு டிவியப் பாத்துட்டு, "முதுகு மெல்லுது, முதுகு மெல்லுது"ன்னு அலறிட்டான். பாதி இட்லியத் துப்பச் சொன்னாங்க. துன்ற முதுகப் பாத்து எந்த ரவுடி பயப்படுவான்னு கேட்டான்.

— அவங்களை ஊர்ல அடையாளம் தெரியுமுங்களா?

— அதுதான் கூத்து. பஸ்ஸுல ஏறினா ஒருத்தனுக்கும் தெரியாது. எடம்கூட குடுக்க மாட்டான். எறங்கி நாலு அடி நடந்தா பின்னால இருந்து, "ஏய், வஜ்ரமணிடா"ன்னு கத்துவான். இவ திரும்பிப் பாத்தா, "சாரிக்கா, வேற யாரோன்னு நெனச்சோம்"னு சொல்லிட்டுப் பூடுவான். இவ வூட்டுக்காரன் ஸ்ரீசிட்டியில கம்பெனி வேல. அங்க கூட வேல செய்யறவங்கோ செல்ஃபிக்கு வருவாங்கோ. இவ செவுத்தப் பாத்துக்கினு நிக்கணும், அவங்கோ கேமராவப் பாத்துச் சிரிப்பாங்கோ.

— கஷ்டமா இருந்திருக்குமே அக்கா.

— மொதல்ல சிரிப்பாத்தான் இருந்தது. ரங்கையா விசயத்துலதான் சிரிப்பு போச்சு. எங்க ஊருல பொன்னியம்மான்னு ஒரு பெரிம்மா கீது. பாட்டன் காலத்துல இருந்து கூலி. இப்பத்தான் கெவர்மெண்டு குடுத்த ஒரு ஏக்கரா நெலம் சொந்தம்னு ஆச்சு. அந்தக் கொல்லைக்குப் போற வழிய பக்கத்துக் கொல்லைக்காரன் ரங்கையா கல்லு நட்டு, கம்பி கட்டி மறிச்சுட்டான். யாரு சொல்லியும் கேக்கல. பொம்பளைங்கல்லாம் சேந்து செங்கமலத்தாண்ட வந்து, அந்த போலீசு சட்டையோட நீ வந்து நில்லுன்னாங்கோ. ஐய, அது ஷூட்டிங் டிரெஸ்ஸு, நான் போலீசு இல்லன்னு இவ சொல்றா. நீ வேணாம், உன் முதுகு வந்தா போதும்னுட்டாங்கோ.

— போனாங்களா?

— போனா. ரங்கையா வூட்டு வாசல்ல, அவனுக்கு முதுகக் காட்டிக்கினு, இடுப்புல கைய வெச்சுக்கினு நின்னா. ஒரு வார்த்தை பேசல. பேசினா குரலு வேறயாச்சே. அரைமணி நேரம். ரங்கையா வெளிய வந்தான், பாத்தான், வேர்த்துக் கொட்டிப் போச்சு. அவன் கையாலயே நாலு கல்லப் புடுங்கிட்டான். அஞ்சாவது கல்லு புடுங்கறப்ப, இவ பாவம், கனமா கீதே, ஒரு கை புடிக்கலாம்னு திரும்பிட்டா.

— ஐயோ.

— "அட, நம்ம முனுசாமி பொண்ணு செங்கமலமா"ன்னான். நாலு கல்லையும் மறுபடி நட்டுட்டான்.

— அப்புறம் என்னங்க பண்ணாங்க?

— அப்பறம் மூஞ்சியோடதான் போனா. திங்கக்கெழம திங்கக்கெழம ஆபீசுல மனு வாங்குவாங்க இல்ல, அங்க. பொன்னியம்மாவ இட்டுக்கினு எட்டு திங்கக்கெழம. பழைய சர்வே நெம்பரு எங்க கீது, எந்த வருசம் யாரு கையெழுத்துன்னு ஒவ்வொண்ணா தேடி எடுத்தா. எட்டாவது வாரம் சர்வேயரு வந்து சங்கிலி புடிச்சு அளந்தாரு. அஞ்சு கல்லையும் புடுங்கியாச்சு. ரங்கையாவே கடப்பாறை எடுத்துக் குடுத்தான், ஒரு சத்தமும் இல்ல. எந்தக் கதவையும் ஒதைக்கல. வேலைய முடிச்சுட்டு நேரா டைரக்டராண்ட போயி, இத சீரியல்ல வைங்க சாருன்னு கேட்டா.

— என்ன சொன்னாரு?

— எட்டு திங்கக்கெழமைய எவன் பாப்பான்னான். இதுல காத்தாடிய எங்க வெக்கறதுன்னான்.

— அதுக்குத்தான் விட்டுட்டுப் போனாங்களா?

— இல்ல. அந்த மூஞ்சிப் பொண்ணுக்கு அம்மை போட்டுச்சு, தெரியுமா? போன தையில. பதினஞ்சு நாளு வெறும் முதுகையே காட்டி ஓட்டினாங்கோ. ஜனங்களுக்குப் புடிச்சுப் போச்சு. ரேட்டிங் ஏறிப்போச்சாம். மூஞ்சின்னா கண்ணு பயப்படுது, உதடு துடிக்குது. முதுகு எதுக்கும் அழாதுன்னு டைரக்டரு கண்டுபுடிச்சான். அம்மை எறங்கி அந்தப் பொண்ணு வந்தப்ப, லாட்ஜுலயே இரும்மா, கூப்புடறோம்னுட்டான். கூப்புடவே இல்ல.

— ஆமாங்க. இல்லை, ஆமான்னு கேட்டுட்டு இருக்கேன்னு சொல்றேன். சொல்லுங்க.

— செங்கமலத்துக்கு அது உறுத்திச்சு. அந்தப் பொண்ண இவ நேர்ல பாத்ததே இல்ல. இவ வர்ற அன்னிக்கி அத வரச் சொல்ல மாட்டான். ரெண்டு பேரும் ஒண்ணா நின்னு எவனாவது போட்டோ புடிச்சுட்டா வஜ்ரமணி செத்துப்போவாளாம். இவ டிவியிலதான் பாப்பா. கதவு தெறக்கறதுக்கு முன்னால அந்தப் பொண்ணு கண்ண ஒரு தபா மூடித் தெறக்கும். பயம். அத இவ ஒண்டிதான் கவனிச்சா. பாவம், துன்னாம வளந்த பொண்ணு போல கீது, கன்னத்துல சதையே இல்லன்னு சொல்லுவா. அத்தொட்டு டைரக்டராண்ட போயி, அந்தப் பொண்ணக் கூப்புடுங்க, இல்லன்னா எம்மூஞ்சியக் காட்டுங்க, ஏதோ ஒரு மூஞ்சி இருக்கணும் சார்னா.

— இதை அவங்க கேட்டாங்களா? எனக்கு... அந்தப் பொண்ணுக்காக?

— கேட்டா. சரி, டெஸ்ட் எடுக்கலாம்னான். பவுடரு போட்டு, லைட்டு போட்டு, காத்தாடி போட்டு நிக்க வெச்சான். மூணு வருசத்துல கேமராவ இவ மொத மொதல்ல நேராப் பாத்தா. பாத்ததும் சிரிப்பு வந்துடுச்சு. சிரிக்காதேன்னான். சிரிக்காம நின்னா. ரொம்ப நேரம் பாத்துட்டு அவன் சொன்னான், இது சோறு போடற மூஞ்சி. இதப் பாத்தா குத்தவாளி பசிக்குதுன்னு சொல்லுவானே தவிர உண்மையச் சொல்ல மாட்டான்னு. திரும்பி நில்லுன்னான்.

— நின்னாங்களா?

— திரும்பினா. திரும்பி அப்படியே நடந்து பூட்டா. பின்னால எல்லாரும் கை தட்டினாங்கோ, நல்ல ஷாட்டுன்னு நெனச்சுக்கினு. கேமராவும் ஓடிக்கினு இருந்தது. அதுதான் கடைசி எபிசோடு.

— நீங்க கூடவே இருந்து பாத்த மாதிரி சொல்றீங்க அக்கா.

— பக்கத்து வூடு. தெனம் பேசறதுதான்.

— அவங்களுக்கு அந்தப் பொண்ணு மேல கோபம் எதுவும் இல்லீங்களா? பேரும் புகழும் மூஞ்சிக்குத்தானே போச்சு.

— கோவம் இருந்தா அம்மை போட்டப்ப மாங்கா குடுத்து வுட்டிருப்பாளா? சீசன் கூட இல்ல. மண்டிக்காரனக் கெஞ்சி, எங்கிருந்தோ ஒரு டஜன் பழம் வாங்கி, அந்தப் பொண்ணாண்ட குடுங்கன்னு மேனேஜராண்ட குடுத்தா. போய்ச் சேந்துச்சோ இல்லியோ, ஒரு சேதியும் இல்ல.

— மூணு வந்துச்சுங்க. மிச்சத்தை யூனிட்டுல தின்னுட்டாங்க.

— இரு, இப்ப இன்னா சொன்ன?

— ஏனுங்க வண்டியை ஓரம் கட்டிட்டீங்க? கோட்டை இன்னும் வரலையே.

— மூஞ்சியில இருக்கற துணிய எடு பாப்பா.

— எடுத்துட்டேனுங்க. என் பேரு தரணி. அந்த ஒண்ணு, ரெண்டு, மூணு நான்தான்.

— முதுகத் தேடச் சொல்லி உன்ன அனுப்பினானா?

— இல்லீங்க. அவங்க போனதும் என்னைக் கூப்பிட்டாங்க. சட்டையை மாட்டி, திருப்பி நிக்க வெச்சாங்க. டைரக்டர் பாத்துட்டு, இது முதுகு இல்லை, மூஞ்சியோட பின்பக்கம்னு சொல்லிட்டாரு. பெட்டியைக் கட்டிட்டேன். சாயங்காலம் கோயம்புத்தூருக்கு ரயில். அதுக்குள்ள பாத்துடணும்னுதான் வந்தேன்.

— யார?

— ஷூட்டிங்கை விட்டுப் போனவங்க திருச்சானூர் ஸ்டாண்டுல புதுசா ஆட்டோ ஓட்டறாங்கன்னு லாட்ஜ்ல சொன்னாங்க.

— பொம்பளைங்க நாலு பேரு ஓட்டறோம் அங்க.

— நாலு பேரும் சீட்டுல உக்காந்திருந்தாங்க. நான் எல்லா ஆட்டோவுக்கும் பின்னாடி வந்து நின்னு பாத்துட்டுத்தான் இதுல ஏறினேன். கொஞ்சம் திரும்புங்க செங்கமலக்கா, மூணு வருஷமா என் மூஞ்சிக்குப் பின்னாடி யாரு இருந்தாங்கன்னு நான் இன்னும் பாக்கலீங்க.